போன் எண் உள்ளவர்கள் மட்டும்

கண் மருத்துவமனையின் கம்ப்யூட்டர் பிரிவில் அவளுக்குப் பட்டாசு என்று பெயர். அன்று காலை திரி வீட்டிலேயே பற்றிக்கொண்டது. அப்பா டம்ளரில் ஊற்றுவதாக நினைத்து வெந்நீரைத் தன் கைமேல் ஊற்றிக்கொண்டார்.

"ஆபரேஷனுக்குப் பேர் குடுத்தீங்களே, என்னதான் ஆச்சு?"

"போறப்பல்லாம் கவுண்டர்ல இன்னும் பேர் வரலன்னு அனுப்பிடறாங்கம்மா."

"நான் அங்கதானே வேலை பாக்கறேன்! ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"மக பேரைச் சொல்லி முந்தறதா? போம்மா."

ஒரு கண் ஏற்கெனவே போய்விட்டது. மிச்சம் இருக்கும் ஒன்றை வைத்துக்கொண்டு இந்த வீறாப்பு வேறு! திட்டிக்கொண்டே அவரைக் கூட்டிவந்து மருத்துவமனையின் கீழ்க்கூடத்தில் உட்காரவைத்துவிட்டு மாடியேறினாள்.

கவுண்டர் திரையில் பெயர்களைக் காட்டும் குவெரிக் கட்டளையைத் திறந்தாள். காத்திருப்போர் பட்டியலான டேபிளிலிருந்து பெயரை எடு, ஆபரேஷன் முடியாதவர்களை மட்டும் எடு, பதிந்த தேதிப்படி அடுக்கு. எல்லாம் சரிதான். நடுவில் இன்னொரு கண்டிஷன் ஒட்டிக்கொண்டிருந்தது: போன் எண் காலியாக இருக்கக் கூடாது.

அதை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்தாள். திரை மளமளவென்று நிறைந்தது. முதல் பெயரே அப்பா. பதிந்து மாதக்கணக்கில் ஆகியிருந்தது. அவருக்குக் கீழேயும் போன் கட்டம் காலியாக எத்தனையோ பேர். பொத்தான் தெரியவில்லை என்றுதான் அப்பா போனையே தூக்கிப் போட்டார். இவர்களுக்கும் அதே கதியாகத்தான் இருக்கும்.

"இந்தக் கண்டிஷனை யார் சார் போட்டது?" அறையே திரும்பிப் பார்த்தது.

"நான்தான்," என்றார் பிரிவுத் தலைவர். "கூப்பிட முடியாத ஆளுங்களைக் காட்டி என்ன பிரயோஜனம்?"

"கண்ணு தெரியாமத்தான் சார் அவங்க போனை விட்டாங்க. போன் இல்லன்னு நீங்க அவங்க கண்ணையே விட்டுட்டீங்க!"

அவர் அசரவில்லை. கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார். "உங்கப்பாவா? ஏதாவது ஒரு நம்பரைப் போட்டுடு, பேர் வந்துடும். கண்டிஷன் அது பாட்டுக்கு இருக்கட்டும். பெருசாக்காதே."

பெருசாக்காதேயாம்! அவள் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தாள்.

"சரி சார். நம்பரே போட்டுடறேன்."

அப்பாவுக்குத் தன் எண்ணைப் போட்டாள். பிறகு ஒரே கட்டளை: போன் கட்டம் எங்கெல்லாம் காலியோ, அங்கெல்லாம் இன்னொரு எண்ணை நிரப்பு. விசை உடைகிற மாதிரி ஒரு தட்டு தட்டினாள்.

சற்று நேரத்தில் அவள் போன் அடித்தது; கவுண்டரிலிருந்து, அப்பாவுக்கு. "இதோ வர்றோம்," என்று எழுந்தாள். அடுத்து தலைவரின் சட்டைப் பையில் அடித்தது. கவுண்டர் பெண்ணின் கணீர்க் குரல் பக்கத்து மேஜைவரை கேட்டது: "ஐயா, கண் ஆபரேஷனுக்கு உங்க முறை வந்துடுச்சு. எப்ப வர்றீங்க?"

ராங் நம்பர் என்று அவர் வைத்தார். உடனே மறுபடி அடித்தது. "அம்மா இருக்காங்களா? கண் ஆபரேஷனுக்கு..."

அவர் எட்டி அவள் திரையைப் பார்த்தார்; காலியாக இருந்த கட்டங்களிலெல்லாம் அவருடைய எண்.

"அட்ரஸும் அதே டேபிள்லதான் சார் இருக்கு," என்றாள் வாசலில் நின்று. "வீடு வீடாப் போய்ச் சொல்லிட்டு வாங்க."