கழுத்தில் துண்டு போட்ட ஒருவர்

...அப்படியென்றால் வரவேண்டாம் என்று அர்த்தமா, வந்தாலும் வராவிட்டாலும் ஒன்றுதான் என்று அர்த்தமா, இல்லை, வாங்க என்பதைத்தான் அவள் அப்படிச் சுற்றிச் சொன்னாளா, தெரியவில்லை, நீலத் தார்ப்பாயின் மூலைக்கு மூலை கல் வைத்துக்கொண்டே யோசிக்கிறேன், காற்று ஒரு பக்கம் தூக்குகிறது, அந்தப் பக்கம் சாப்பாட்டு டப்பாவை வைக்கிறேன், இன்னொரு பக்கம் தூக்குகிறது, என் செருப்பைக் கழற்றி வைக்கிறேன். "வேலை இருந்தா சிரமப்பட வேணாம் தெப்பேய் சான், நான் பக்கத்துல இருக்குற கிகுச்சி வீட்டோட சேந்து சாப்பிட்டுக்குவேன்." சொல்லிவிட்டுத் தலையை லேசாகக் குனிந்தாள், கடைக்காரரிடம் மீதி வாங்கிக்கொண்டு குனிவதுபோல. கொனோமி, ஒன்பது வயதுக் குழந்தை, என்னைப் பெயர் சொல்லி, மரியாதைக்குச் சான் சேர்த்துத்தான் கூப்பிடுவாள். என் மனைவி கயோவிடம் கேட்டேன், இதுக்கு என்ன அர்த்தம், நீ பெத்தவ உனக்குத் தெரியும்ல என்று, அவள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிற அவசரத்தில் நர்ஸ் காலணியை மாட்டிக்கொண்டே, "எனக்கு டியூட்டி மாத்த முடியல, நீ போ, போயி உக்காரு, அவ்ளோதான்" என்றாள். போய் உட்காருவது எனக்கு வரும். எங்கே உட்காருவது என்பதில்தான் சிக்கல். பள்ளி விளையாட்டு விழா, முன்வரிசை எல்லாம் அப்பா அம்மாக்கள் விடியும் முன்பே வந்து பிடித்த இடங்கள், அங்கே போய் நானும் ஒரு தார்ப்பாயை விரித்து, கையசைத்து, அவள் சினேகிதிகள் திரும்பி, யாரு அது, உன் அப்பாவா என்று கேட்டு, அவள் ஒரு நிமிஷம் யோசித்து... அந்த ஒரு நிமிஷத்தை நான் பார்க்கவேண்டாம். அதனால்தான் இந்த மூலை. மைதானத்தின் கோடியில், குழந்தைகள் தொங்கி விளையாடுகிற இரும்புக் கம்பிகளுக்குப் பின்னால், கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்தில். இங்கிருந்து அவளை நான் பார்க்கலாம், அவள் என்னைப் பார்க்கவேண்டிய கட்டாயம் இல்லை, அவள் வரவேண்டாம் என்று சொல்லியிருந்தால் நான் வராத மாதிரி, வாங்க என்று சொல்லியிருந்தால் வந்த மாதிரி. கெட்டிக்காரத்தனம்தான், இல்லையா?

மைக்கில் ஏதோ மார்ச் இசை போடுகிறார்கள், மூன்றாம் வகுப்பு வருகிறது, சிவப்புத் தொப்பி பாதி வெள்ளைத் தொப்பி பாதி, எல்லோரும் ஒரே மாதிரி அரைக்கால் சட்டை, ஆனாலும் கண்டுபிடித்துவிட்டேன், முழங்காலை மற்றவர்களைவிடத் தூக்கி வைத்து நடக்கிறவள்தான் கொனோமி, இடது கையும் இடது காலும் ஒன்றாகப் போகின்றன, பதற்றமானால் அவளுக்கு அப்படி ஆகும், சிரிப்பு வருகிறது, அடக்கிக்கொள்கிறேன், பக்கத்தில் யாரும் இல்லை, எதற்கு அடக்கவேண்டும், சிரித்தேன். அவள் திரும்பவில்லை. நேராகப் பார்த்து நடந்தாள். காலையிலிருந்து ஒருதடவைகூட இந்தப் பக்கம் பார்க்கவில்லை, நான் கண்ணை எடுக்காமல்தானே பார்த்துக்கொண்டிருக்கிறேன், பார்த்திருந்தால் எனக்குத் தெரியாதா? சரி, நல்லதுதான். எங்கள் ஊரில், வடக்கே ஹொக்கைடோவில், விளையாட்டு விழா வேனில் தொடக்கத்தில் நடக்கும், குளிர் விட்டும் விடாமலும் மூக்கு ஒழுக ஓடுவோம், இங்கே அக்டோபரில் வெயில் கழுத்தைப் பொசுக்குகிறது, மலைச்சரிவெல்லாம் ஆரஞ்சு மரம், பழம் இன்னும் பச்சை, அந்தப் பச்சைத் தோல் பழத்தை உரித்தால் வருகிற வாசனைதான் இந்த ஊர்க்காரர்களுக்கு விளையாட்டு விழா வாசனையாம், கிகுச்சி அக்கா சொன்னாள். இதோ அவளே வருகிறாள், கை நிறையப் பழம், தொண்டை நிறையச் சத்தம்.

"கொனோமி அப்பா! கொனோமி அப்பாவ்!" என்று கத்துகிறாள், நான் யாரைக் கூப்பிடுகிறாள் என்று பின்னால் திரும்பிப் பார்த்தேன், தொட்டிதான் இருந்தது. இங்கே குழந்தை பெயரை வைத்துத்தான் பெரியவர்களைக் கூப்பிடுவார்கள், இரண்டு வருஷமாகக் கேட்கிறேன், இரண்டு வருஷமாகத் திரும்பிப் பார்க்கிறேன், அந்தப் பெயருக்கு இன்னொரு சொந்தக்காரர் இருந்தார் அல்லவா. கொனோமி பாலர் பள்ளியில் படித்தபோது இறந்துபோய்விட்டார். ஊருக்கே அவரைத் தெரியும், பெரியவர்கள் கயிறு இழுக்கும்போது கடைசி ஆளாக நின்று கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொள்வாராம், அவர் நின்றால் சிவப்பு அணி தோற்றதே இல்லையாம், நல்ல மனுஷனாம், எல்லோரும் சொல்வார்கள், சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, நீங்களும் நல்லவர்தான் என்பதுபோல ஒரு சிரிப்புச் சிரிப்பார்கள். "என்ன இங்க வந்து உக்காந்திருக்கீங்க, தண்டனையா?" என்றாள் கிகுச்சி அக்கா. இல்லக்கா, இங்க நிழல் என்றேன். "நிழலா? கம்பியோட நிழலு! அது விழுற இடத்துல ஒரு எறும்புகூட உக்காராது" என்று பழத்தை மடியில் கொட்டினாள், "சாப்பாடு என்ன செஞ்சீங்க?" சிவப்புச் சோறு என்றேன், பொரித்த கோழி, முட்டைச் சுருள். "அடேங்கப்பா, ஆம்பளை கையால சிவப்புச் சோறா! எங்க வீட்டுக்காரர்ட்ட சொல்லாதீங்க, வெட்கப்பட்டு செத்துருவாரு. இல்ல, சொல்லுங்க, சொல்லுங்க" என்று போய்விட்டாள். இருட்டோடு எழுந்து செய்த சோறு. நல்ல நாளுக்குச் சிவப்புப் பயறு சேர்த்துச் செய்வது. கொனோமியிடம் நேற்று, என்ன வேணும் என்று கேட்டால், "எதுன்னாலும் சரி" என்றாள். அவளுக்கு எப்போதும் எதுன்னாலும் சரிதான். ஒருதடவை மீனைக் கருக்கிவிட்டேன், எனக்கே தொண்டையில் இறங்கவில்லை, அவள் முள்ளை ஓரமாக அடுக்கிவிட்டு, ரொம்ப நல்லா இருந்துச்சு, நன்றி என்றாள். குளிர்பெட்டியைத் திறக்க அனுமதி கேட்பாள். குளித்துவிட்டு வந்து, தண்ணி இன்னும் சூடா இருக்கு, நீங்க போலாம் என்று அறிவிப்பாள். அடம் கிடையாது, அழுகை கிடையாது, கதவை அறைந்து சாத்துவது கிடையாது. உனக்கு அதிர்ஷ்டம்டா என்றார்கள் பழக் கூட்டுறவுச் சங்கத்தில் என்னோடு வேலை செய்கிறவர்கள். அதிர்ஷ்டம்தான்... நல்ல விருந்தாளி வீட்டில் இருப்பதுபோல இருக்கிறது, எப்போது கிளம்புவாளோ என்று பயமாகவும் இருக்கிறது, சொல்ல முடியுமா இதையெல்லாம்?

இரவல் ஓட்டம் என்று மைக்கில் சொல்கிறார்கள், எனக்குப் பிடித்தது, எங்கள் ஊரிலும் உண்டு, பாதி தூரம் ஓடி, தரையில் கிடக்கிற சீட்டை எடுத்து, அதில் எழுதியிருப்பதைக் கூட்டத்திலிருந்து இழுத்துக்கொண்டு ஓடவேண்டும். முதல் பையனுக்கு மூக்குக் கண்ணாடி போட்ட ஆசிரியர், எளிது, அங்கேயே மூன்று பேர் நிற்கிறார்கள். அடுத்தவளுக்குக் கைக்குழந்தை, கூட்டம் ஓவென்று கத்துகிறது, யாரோ குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், குழந்தை சிரிக்கிறது. அடுத்த வரிசையில் கொனோமி. முழங்காலைத் தூக்கி ஓடுகிறாள், குனிந்து எடுத்தாள், படித்தாள், நின்றாள். ஏன் நிற்கிறாள், கஷ்டமானதோ, ஐயோ, ஓடு கண்ணு ஓடு... மைக்கில் வாசிக்கிறார்கள், "கொனோமிக்கு வந்திருப்பது, கழுத்தில் துண்டு போட்ட ஒருவர்!" மைதானமே சிரித்தது, ஏனென்றால் இந்த வெயிலில் துண்டு போடாத ஆள் எங்கே இருக்கிறான், முன்வரிசை முழுக்கத் துண்டு, பெற்றோர் சங்கக் கூடாரத்தில் தலைவரே துண்டு, கிகுச்சி வீட்டுக்காரர் எழுந்தே நின்றுவிட்டார், "வா கண்ணு, இங்க வா!" என்று துண்டைச் சுழற்றுகிறார், இரண்டு எட்டு வைத்தால் போதும், முதல் பரிசுதான். அவள் அவரைத் தாண்டி ஓடினாள். கூடாரத்தைத் தாண்டி ஓடினாள். எங்கே போகிறாள் இந்தப் பெண், அந்தப் பக்கம் யாரும் இல்லையே, கம்பிதான் இருக்கிறது, தொட்டிதான் இருக்கிறது, என்று நான் எழுந்து நின்று அவளுக்குக் கையால் முன்வரிசையைக் காட்டுகிறேன், அங்க, அங்க போ என்று, அவள் கேட்கவில்லை, கம்பிக்கு அடியில் குனிந்து நுழைந்து வந்து, என் கையைப் பிடித்தாள். வாங்க என்று சொல்லவில்லை. தயவுசெய்து என்று சொல்லவில்லை. இழுத்தாள். செருப்பு தார்ப்பாயின் மூலையில் இருக்கிறது, போட விடவில்லை, வெறுங்காலோடு ஓடினேன், மணல் சுடுகிறது, சின்னக் கை, வியர்த்திருக்கிறது, நகம் குத்துகிறது, எவ்வளவு பலம் இந்தக் கையில், இது இதுவரை என் கையைப் பிடித்ததே இல்லை என்பது பாதி மைதானம் ஓடியபிறகுதான் ஞாபகம் வந்தது, முன்வரிசை எல்லாம் கத்துகிறார்கள், "ஓடுங்க கொனோமி அப்பா, ஓடுங்க!" இந்தமுறை நான் பின்னால் திரும்பவில்லை, திரும்ப எங்கே நேரம்?

கடைசிதான் வந்தோம். எல்லோரும் முடித்து, உட்கார்ந்து, மூச்சு வாங்கி ஓய்ந்தபிறகு வந்தோம். ஆசிரியை என் கழுத்தைப் பார்த்து, துண்டு இருக்கு, பாஸ் என்று எத்தனையாவது என எழுதிய கொடியை நீட்டினார். கொனோமி கொடியை வாங்கவில்லை, இடுப்பில் கைவைத்து என்னைத்தான் பார்த்தாள், முகமெல்லாம் சிவந்து, மூச்சிரைக்க. "எதுக்கு அவ்ளோ தூரத்துல உக்காந்தீங்க? யாராச்சும் அங்க உக்காருவாங்களா? உங்களாலதான் நான் கடைசி!" மன்னிச்சுக்கம்மா என்றேன். "முன்னாடி உக்காந்திருந்தா நான்தான் முதல்ல வந்திருப்பேன், தெரியுமா?" தெரியும் என்றேன். "தெரியுமாம்!" என்று என் கழுத்திலிருந்து துண்டை உருவி, முகத்தைத் துடைத்து, மூக்கையும் சிந்திவிட்டு, தன் கழுத்தில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். திட்டு வாங்கினேன். ஊர் முழுக்கப் பார்க்கத் திட்டு வாங்கினேன், வெறுங்காலோடு நின்று. என் முகத்தில் என்ன இருந்ததோ, ஆசிரியை, "உடம்பு சரியில்லையா, உக்காருறீங்களா?" என்று கேட்டார். நல்லா இருக்கேன், ரொம்ப நல்லா இருக்கேன் என்று இரண்டுதடவை சொன்னேன்போல.

மத்தியானம் குழந்தைகளை அவரவர் வீட்டாரிடம் சாப்பிட விடுகிறார்கள், அவள் நேராக மூலைக்கு வந்தாள், உட்காருவாள் என்று நான் இடம் ஒதுக்குகிறேன், அவள் உட்காரவில்லை, தார்ப்பாயின் ஒரு நுனியைப் பிடித்தாள், "அந்தப் பக்கம் பிடிங்க." டப்பா, பழம், செருப்பு, தண்ணீர்க் குடுவை எல்லாம் உள்ளே கிடக்க, அப்படியே தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி நடந்தோம், பழங்கள் உருளுகின்றன, நான் வளைந்து நடக்கிறேன், கிகுச்சி வீட்டுப் பாயை ஒட்டி இறக்கினாள். "பாத்தியா, நிழல் நடந்து வந்துருச்சு" என்றாள் கிகுச்சி அக்கா. டப்பாவைத் திறந்தேன். கொனோமி ஒரு வாய் சிவப்புச் சோறு வைத்தாள், மெல்லுவதை நிறுத்தினாள். "ஐயே, இனிக்குது!" எனக்குத் திக்கென்றது, அப்போதுதான் உறைத்தது, எங்கள் ஊரில் இந்தச் சோற்றில் சர்க்கரையில் ஊறிய பயறு போடுவோம், இங்கே உப்புதான், இந்த ஊருக்கு வந்து இத்தனை நாளாகியும் ஒருதடவை யோசித்தேனா? எங்க ஊர்ல இப்படித்தான் என்றேன். "உங்க ஊர்ல எல்லாருக்கும் நாக்கு கோளாறா?" கிகுச்சி வீடு மொத்தமும் சிரித்தது, நானும். அவள் கோழியை முடித்தாள், முட்டையை முடித்தாள், கேட்காமலே என் டப்பாவிலிருந்தும் எடுத்தாள், பிறகு யாரும் பார்க்காதமாதிரி பயறுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றாள், "அடுத்த வருஷம் இனிப்பைக் கொஞ்சம் கம்மியா போடுங்க." சரி என்றேன். கருகிய மீனுக்கு நன்றி சொன்ன வாய். நன்றி சொல்லாமல் எழுந்து ஓடியது, விரல்களை என் துண்டில் துடைத்துக்கொண்டு.

இப்போது பெரியவர்கள் கயிறு இழுக்கிற நேரம், கிகுச்சி வீட்டுக்காரர் என்னைக் கையைப் பிடித்து இழுத்துவந்து சிவப்புப் பக்கம் நிறுத்திவிட்டார், கடைசி இடத்தில் அவர் நிற்கிறார், நான் நடுவில் எங்கோ, முன்னால் ஒரு முதுகு, பின்னால் ஒரு மூச்சு. துண்டு இல்லாத கழுத்து எரிகிறது. தொடங்கச் சொல்லும் துப்பாக்கி வெடித்தது, இழுக்கிறோம், குதிகால் மணலில் புதைகிறது, கயிறு போகிறது, வருகிறது, தலையைத் தூக்கி அவளைத் தேடுகிறேன். அதோ. சினேகிதிகள் நடுவில், என் துண்டைத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டி, ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருக்கிறாள், இந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. காலையிலும் இப்படித்தானே பார்க்காமல் இருந்தாள், நான்தான் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேனே, ஒருதடவைகூடத் திரும்பவில்லையே, அப்புறம் எப்படி அவ்வளவு கூட்டத்தில், கம்பிக்குப் பின்னால், நேராக ஓடிவந்தாள்... எப்போது பார்த்தாள்? "இழுங்க கொனோமி அப்பா, தூங்குறீங்களா!" என்று பின்னாலிருந்து கத்துகிறார்கள், இழுக்கிறேன், இழுக்கிறேன், அந்த முதுகையே பார்த்துக்கொண்டு, எப்போது பார்த்தாள், இப்போதும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாளோ...