பாமா வாசித்த பக்கம்

1.

இந்தக் கதை எனக்கு வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயில் தேர்த்திருவிழாவில் கிடைத்தது. அன்னதான வரிசையில் எனக்கு முன்னால் நின்ற சிவனேஸ்வரி, நான் கேட்காமலே சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, "எழுதுறதெண்டால் எழுதுங்கோ. என்னை நல்லவளாக்கிப் போடாதேங்கோ" என்றார்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு வசந்தத்தின் மெல்லிய வெயிலில், ஹரோவின் ஓர் அமைதியான தெருவில்' — வேண்டாம். அன்று மழை. சிவனேஸ்வரியின் முன்னறை முழுக்கப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. குடும்பம் லண்டனை விட்டு வேல்ஸ் நாட்டுப்புறத்துக்குப் போக இருந்தது. அங்கேயிருந்து தொடங்குவோம்.

2.

சிவனேஸ்வரி யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் விஞ்ஞானம் படிப்பித்தவர். லண்டனில் அவருக்கு வாய்த்த வகுப்பில் இரண்டே பிள்ளைகள்: மூத்த மகள் சிவமலர், பதின்மூன்று வயது; இளையவள் பாமா, எட்டு. சமையலறை மேசைதான் பள்ளிக்கூடம்.

பாமா பள்ளிக்குப் போன காலத்தில் ஒருநாள் வகுப்பாசிரியை தாயைக் கூப்பிட்டு, "பிள்ளை வாசிப்பில் பின்தங்குகிறாள். வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்திப் பாருங்கள்" என்றார். சிவனேஸ்வரியின் காதில் விழுந்தது இரண்டாவது வாக்கியம் மட்டும். அந்தக் கோபத்தில் இரண்டு பிள்ளைகளையும் பள்ளியிலிருந்து நிறுத்தினார். சட்டம் அதற்கு இடம் தந்தது. இடைக்கிடை உள்ளூர்க் கவுன்சிலிலிருந்து ஒருவர் வந்து பிள்ளைகளின் படிப்பைப் பார்த்துப் போவார், அவ்வளவுதான்.

வேல்ஸ் யோசனை கணவர் கோபாலகிருஷ்ணனுடையது. ஒரு கம்பனியில் கட்டட வரைபடம் கீறுபவர். ஒரு மலையடிவாரத்தில் பண்ணை வீடு, கோழி, உருளைக்கிழங்குத் தோட்டம். சிவனேஸ்வரி முதலில் மறுத்தார். பிறகு ஆறும் ஆடுகளும் சூழ்ந்த ஒரு வகுப்பறை அவர் மனக்கண்ணில் விழுந்தது. கணவரைவிட அவருக்குத்தான் இப்போது அவசரம்.

[இந்த இடத்தில் எனக்குக் கோபாலகிருஷ்ணனில் சந்தேகம் வந்தது. கோயில், தமிழ்க்கடை, சொந்தபந்தம் எல்லாவற்றையும் விட்டு வேல்ஸ் மலைக்கு ஏன் போகிறார்? கதாபாத்திரம் ஒட்டவில்லை. வரிசையில் நின்றபடியே சிவனேஸ்வரியிடம் கேட்டேன். "பொறுங்கோ, வரும்" என்றார்.]

3.

அந்த மழைநாளில் கவுன்சிலிலிருந்து வந்தவர் பெயர் கத்தரின். வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்த முதல் வெள்ளைக்காரி என்று சிவனேஸ்வரி அவரை நினைவு வைத்திருக்கிறார்.

பாமா தன் ஆங்கில வாசிப்புப் புத்தகத்தை எடுத்தாள். வரிக்குக் கீழே விரல் ஓடியது, முற்றுப்புள்ளியில் நின்றது, கேள்வியில் குரல் உயர்ந்தது. சிவனேஸ்வரியின் உதடுகளும் கூடவே அசைந்தன.

"அருமை" என்றார் கத்தரின். தன் பையிலிருந்து வேறொரு புத்தகத்தை எடுத்தார். "இதிலும் ஒரு பக்கம் வாசிப்பாயா?"

பாமா படத்தைப் பார்த்தாள். கடற்கரை, ஒரு நாய். விரலை முதல் வரியின் கீழே வைத்துத் தொடங்கினாள். நாய் வீட்டைவிட்டு ஓடிவந்து கடலைப் பார்க்கிறது. நண்டு அதன் மூக்கைக் கவ்வுகிறது. நல்ல கதை. ஆனால் அந்தப் பக்கத்தில் நண்டே இல்லை. ஓடிவந்த நாயும் இல்லை. படகு தொலைத்த ஒரு கிழவரைப் பற்றித்தான் எழுதியிருந்தது.

கத்தரின் இடைமறிக்கவில்லை. முடித்ததும் ஒரு சின்னச் சொல்லைத் தொட்டுக் காட்டினார். "இது என்ன சொல், பாமா?"

பாமா தமக்கையைப் பார்த்தாள்.

சிவனேஸ்வரிக்குத் தலையில் இடி விழுந்ததுபோல — இந்த வாக்கியத்தைப் பாதியில் விடுகிறேன். அவர் சொன்னது வேறு: "காது அடைச்சுப்போச்சு. அந்தப் பொம்பிளையின்ரை வாய் அசையுது, ஒண்டும் கேக்கேல்லை."

எழுந்துபோய்த் தமிழ்ப் புத்தகத்தை எடுத்துவந்து நடுவில் விரித்தார். "வாசி."

பாமா வாசித்தாள், தடங்கலில்லாமல். ஆனால் அது வேறு பக்கத்துப் பாடம். போன வருடம் மனனப் போட்டியில் முதல் பரிசு எடுத்த பிள்ளை அவள்.

4.

சிவமலர்தான் பேசினாள்.

"காலமை நீங்கள் சமைக்கேக்கை நான் அவளுக்கு வாசிச்சுக் காட்டுவன், அம்மா. ஒருக்கால் கேட்டால் அவளுக்குப் பாடம்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை? நான் அடிப்பனெண்டோ?"

"இல்லை. அவள் வாசிக்கேக்கை நீங்கள் அவ்வளவு சந்தோசப்படுவீங்கள். அதைக் கெடுக்க ஏலாமல் போச்சு."

கத்தரின் தணிந்த குரலில் சொன்னார்: இது சோம்பல் அல்ல, மந்தமும் அல்ல. சில பிள்ளைகளுக்கு எழுத்து இப்படித்தான். இதற்கென்றே பயின்ற ஆசிரியை ஒருவர் பக்கத்தில் இருக்கிறார்; நீங்கள் போகும் ஊரில் அப்படி ஒருவர் கிடைப்பது கடினம். "நான் கண்டதை மறைக்க முடியாது. பள்ளிக்கு அனுப்பும்படி அலுவலகம் சொல்லவும் கூடும்."

5.

பின்னேரம் கோபாலகிருஷ்ணன் வந்தார். சிவனேஸ்வரி எல்லாவற்றையும் சொன்னார். அவர் முகத்தில் திகைப்பில்லை. அதுதான் சிவனேஸ்வரியை இரண்டாம் தரம் உலுக்கியது.

"உங்களுக்குத் தெரியும்."

"ஓம்."

"தெரிஞ்சுகொண்டும் ஏன் பேசாமலிருந்தனீங்கள்?"

கோபாலகிருஷ்ணன் ஒரு பெட்டியின்மேல் இருந்தார். "எனக்கும் அப்பிடித்தான், சிவனேஸ். எனக்கும் எழுத்து வராது. கீறத்தான் வரும். படத்திலை இருக்கிற எழுத்தையும் பாத்துக் கீறிப்போடுவன். வேல்ஸுக்குப் போனால் பிள்ளையை வாசியெண்டு ஒருத்தரும் நெருக்கமாட்டினமெண்டு நினைச்சன்."

ஞாயிறு தோறும் அவர் பேப்பரை மனைவியிடம் நீட்டுவார். "நீர் வாசியும், உம்மடை குரலிலை கேக்க நல்லாயிருக்கு." கலியாணம் முடித்த நாள் தொடக்கம் சிவனேஸ்வரி அதை அன்பென்று நினைத்திருந்தார்.

(அன்பு இல்லை என்று நான் எழுதவில்லை. அவரும் சொல்லவில்லை.)

6.

முடிவுகள் என்னிடம் இரண்டு இருந்தன. ஒன்றில் குடும்பம் வேல்ஸுக்குப் போகிறது. ஆட்டுக்குட்டிகளுக்கு நடுவில் பாமா ஒருநாள் தானாக வாசிக்கிறாள். அழகாயிருக்கிறது, நம்பவில்லை. மற்றதில் பெட்டிகளைப் பிரிக்கிறார்கள், புது ஆசிரியை வருகிறார், எல்லாம் சரியாகிறது. அது துண்டுப்பிரசுரம். இரண்டையும் கிழித்தேன்.

நடந்தது இவ்வளவு. மறுநாட்காலை சிவனேஸ்வரி மேசையிலிருந்த புத்தகங்களையெல்லாம் ஒதுக்கினார். ஒரு தாளில் ஒரேயொரு சொல்லைப் பெரிதாக எழுதி பாமாவின் முன்னால் வைத்தார்.

"இண்டைக்கு நான் படிப்பிக்கேல்லை. நீதான் எனக்குச் சொல்லித்தாறாய். இதைப் பாக்கேக்கை உனக்கு என்ன தெரியுது?"

பாமா நெடுநேரம் பார்த்தாள். "எல்லா எழுத்துக்கும் ஒரே முகம், அம்மா."

கதவருகே நின்ற கோபாலகிருஷ்ணன், "ஓம்" என்றார். "ஒரே முகம்தான்." வந்து மகளுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார், பள்ளிப் பிள்ளையைப்போல.

அப்போது டெலிபோன் அடித்தது. வீட்டுச் சாமான் ஏற்ற வெள்ளிக்கிழமை வான் வண்டி வரலாமா என்று வான்காரர் கேட்கிறார்கள். சிவமலர் கையில் ரிசீவரோடு, "என்ன சொல்ல, அம்மா?" என்றாள்.

சிவனேஸ்வரி சொன்ன பதில் எனக்குத் தெரியும். எழுதமாட்டேன். எழுதினால் நீங்கள் அந்த மேசையை விட்டு எழும்பிவிடுவீர்கள். இன்னும் கொஞ்சம் இருங்கள். பாமா சொல்லின் கீழே விரலை வைத்திருக்கிறாள். பக்கத்தில் அப்பாவும் வைத்திருக்கிறார். அது என்ன சொல்லென்று அவர்கள் கண்டுபிடிக்கட்டும். வான்காரனுக்கு நீங்கள் பதில் சொல்லுங்கள்.