மேகத் தோணிக்காரி பற்றி றஸீனா எழுதிய இரண்டு தாள்கள்

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு பிள்ளையின் வாயை அடைக்கப் போய்த்தான் இந்தக் கதை பிறந்தது. அடைக்கப் போனவள் நான், சீதேவிப்பிள்ளை, காத்தான்குடியில் ஆசிரியை. ஆண்டு 1937.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "வாவியின் மேல் வெண்மேகம் மிதந்த ஒரு காலை…" (வேண்டாம். அழகு காட்டி நழுவப் பார்க்கிறேன்.)

2

றஸீனாவுக்குப் பன்னிரண்டு வயது. இந்த வயதில் பெண்பிள்ளைகளின் படிப்பை நிறுத்திவிடுவது ஊர் வழக்கம். நான் வீடு தேடிப் போய்க் கெஞ்சினேன். அவளுடைய வாப்பா பதியுதீன் புடைவை வியாபாரி, நல்ல மனிதர்.

"நீங்க குடுத்த புத்தகத்தப் பத்தி அவட கையால எழுதட்டும் டீச்சர். நல்ல புத்தி படிச்சிரிந்தா இன்னும் ரெண்டு வருசம் வரட்டும்."

புத்தகம் 'மேகத் தோணிக்காரி', சிறுவர்கள் கொண்டாடும் பழைய மாயக்கதை. மேகத்தில் தோணி ஓட்டிப் போகும் சிறுமி நட்சத்திர ஊர்களையெல்லாம் பார்த்துவிட்டு வீடு திரும்பி, "இனி வாசற்படி தாண்டேன்" என்று தாயைக் கட்டிக்கொள்வாள்.*

றஸீனா அதை வாவிக்கரையில் இருந்து வாசித்தாள். தண்ணீரில் மேகம் கிடந்தது, தோணிகள் அதன்மேல் போயின. எது வாவி, எது புத்தகம் என்று எனக்கே தெரியாமல் போயிற்று.

* அந்த இடத்தில் எனக்கு எப்போதும் கண் கலங்கும்.

3

அவள் எழுதியது: "புத்தகம் நல்லம். முடிவு பிழை. அந்தப் பிள்ளை தோணி ஓட்டப் பழகிவிட்டது. மேகமும் முடியவில்லை. பிறகு ஏன் திரும்பியது? எழுதியவருக்குத்தான் பயம்."

வாப்பா இதைப் பார்த்தால் நாளையே படிப்பு நின்றுவிடும். வீடே சொர்க்கம் என்று மாற்றி எழுதச் சொன்னேன். உடனே இன்னொரு தாளில் எழுதித் தந்தாள்.

(பதியுதீன் முதல் தாளை வாசித்துச் சிரிப்பதாக ஒரு முடிவு வைத்திருந்தேன். அவர் சிரித்து நான் கேட்டதேயில்லை. அந்த முடிவை அடித்து நீக்கிவிட்டேன்.)

4

இன்று பின்னேரம் அவர் வருகிறார். இரண்டு தாளும் மேசையில் இருக்கின்றன. பொய்த்தாள் அவளுக்கு இரண்டு வருடம் வாங்கித் தரும். மெய்த்தாள்

(இந்த வசனம் முடிய மறுக்கிறது.)

என் பின்னால் நின்ற றஸீனா, நான் இதுவரை எழுதியதை வாசித்துவிட்டாள்.

"கதெ நல்லாரிக்கி டீச்சர்."

"முடிவு?"

"அத நீங்க இன்னும் எழுதல்லியே." பிறகு மெல்லக் கேட்டாள்: "நீங்களும் என்னெ ஊட்டுக்கு அனுப்பப் போறிங்களா?"

வெட்கமாக இருந்தது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. இரண்டு தாளையும் அவளிடமே கொடுத்தேன். வாங்கிக்கொண்டு வெளியே போனாள்.

எதை நீட்டுகிறாள் என்று எட்டிப்பார்க்க எனக்குத் துணிவில்லை. உங்களுக்கு இருந்தால் போய்ப் பாருங்கள், கதவு திறந்துதான் இருக்கிறது.