கதிரை போடும் நாள்

“அம்மா, வெள்ளைக்காரர் வாற நாளில மட்டுமா உங்களுக்குக் கால் நோகும்?” என்று மேர்சியின் மகள் ஒருமுறை கேட்டாள். வாவிக்கரை இறால் தொழிற்சாலையில் அன்றைக்குத்தான் உட்கார்ந்து வேலை செய்யக் கதிரை போடுவார்கள்; மற்ற நாளெல்லாம் நின்றபடிதான் இறால் உரிக்க வேண்டும்.

வேறு வேலைக்குப் போக மேர்சிக்கு ஆசை. ஆனால் எல்லோருடைய அடையாள அட்டைகளையும் முதலாளி அலுமாரியில் பூட்டி வைத்திருந்தார்.

இன்றும் வெளிநாட்டுப் பரிசோதகர் வந்தார். “ஆரும் கட்டாயத்தில வேலை செய்யுறீங்களாண்டு கேக்கிறார்,” என்று முதலாளியே மொழிபெயர்த்தார்.

“அலுமாரிதான் ஐயா எங்களப் பிடிச்சி வெச்சிருக்கு,” என்றாள் மேர்சி.

“எல்லாரும் சந்தோஷமாம்,” என்று முதலாளி ஆங்கிலத்தில் சொன்னார்.

பிறகு எல்லோரும் படமெடுக்க வாசலுக்குப் போனார்கள். இப்போது மேற்பார்வையாளராகி அலுமாரிச் சாவி வைத்திருக்கும் சர்மிலா மட்டும் உள்ளே நின்றாள். முன்பு அவள் கர்ப்பிணியாக இறால் உரித்த நாட்களில், அவள் பங்கையும் மேர்சியே உரித்துக் கொடுத்திருந்தாள். சர்மிலா அலுமாரியைத் திறந்து, மேர்சியின் அட்டையை எடுத்து, மேர்சி கொண்டுவந்த சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். கர்த்தரைத் தவிர யாரும் பார்க்கவில்லை.