மேனேஜரும் ஜோசியக்காரியும்

எங்கள் வீட்டில் விருந்தினருக்கு மூன்று அறைகள். இரவு தங்கலாம், காலையில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம், அவ்வளவுதான் தொழில். நானும் என் வீட்டுக்காரரும் நடத்துகிறோம் என்று வாசல் பலகை சொல்கிறது. அது பாதி உண்மை.

மீதிப் பாதி ஒரு நாயும் ஒரு பூனையும். நாய்க்கு மேனேஜர் என்று பெயர். இரவு முழுக்க அறைக் கதவுகளுக்கு முன்னால் படுத்திருப்பான். உள்ளே யாராவது விழித்து, கட்டில் கிறீச்சிட்டால் போதும், எழுந்து சமையலறை வாசலுக்கு வந்து நிற்பான். நான் காப்பி போட்டு எடுத்துக்கொண்டு அவன் பின்னாலேயே போவேன். அவன் நிற்கிற கதவைத் தட்டுவேன்.

பூனை ஜோசியக்காரி. வசந்த காலத்தில் எங்கள் பக்கத்து வானத்தை நம்பவே முடியாது. காலையில் பல்லை இளிக்கும், ஒரு மணி நேரத்தில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளும். ஜோசியக்காரி ஜன்னல் திட்டில் படுத்தால் சாப்பாட்டு மேசை மரத்தடிக்குப் போகும். மாடிப்படிக்குக் கீழே செருப்புக் கூடையில் சுருண்டால் மேசை கூடத்தை விட்டு நகராது. மூன்று வசந்தத்தில் ஒரு நாள்கூட அவள் வாக்கு பொய்த்ததில்லை.

போன வருடம் விடுதிகளைச் சோதிக்கிற அதிகாரி ஓர் இரவு தங்கிப் போனார். அறிக்கையில் இரண்டு பாராட்டு: கண் விழித்ததும் சூடான காப்பி, வானிலை அறிந்து உணவு ஏற்பாடு. ஒரே ஒரு குறை: வீட்டுக்குள் பிராணிகள் நடமாட்டம். அடுத்த முறையும் குறை நீடித்தால் உரிமம் கிடையாது, பலகையைக் கழற்ற வேண்டியதுதான்.

இந்த வசந்தத்தில் அவர் வரும் தேதி தெரிந்ததும் என் வீட்டுக்காரர் பலகையையும் மேனேஜரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒரு நாள்தானே. ரெண்டையும் விறகுக் கொட்டகையில விட்டுடலாம்."

நான் கத்தினேன், பாத்திரங்களை உருட்டினேன், கடைசியில் சரி என்றேன். அதற்காக இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன். கம்பளி விரித்துத் தாழ்ப்பாள் போட்டபோது மேனேஜர் குரைக்கக்கூட இல்லை. ஏன் என்பது போல என்னைப் பார்த்தான்.

மறுநாள் காலை குத்துமதிப்பாகக் காப்பியோடு போய்க் கதவைத் தட்டினேன். அதிகாரி தலையணைத் தழும்பு பதிந்த கன்னத்தோடு எட்டிப் பார்த்தார்.

"இன்னும் எழுந்திருக்கலைம்மா."

அடுத்த தடவை போனபோது அவர் குளித்து, உடுத்தி, அரை மணி நேரமாகக் காத்திருந்தார். காப்பியில் ஆடை படிந்திருந்தது.

என் வீட்டுக்காரர் போனைப் பார்த்தார். "நாள் முழுக்க வெயில்னு போட்டிருக்கு." மேசையை மரத்தடியில் போட்டோம். அதிகாரி ரொட்டியை ஒரு கடிதான் கடித்திருப்பார், ஆலங்கட்டி மழை கொட்டியது. ரொட்டியும் கையுமாக அவர் ஓட, மேசை விரிப்பைத் தலையில் போட்டுக்கொண்டு இவர் ஓட, கொட்டகையில் மேனேஜர் ஊளையிட்டான்.

கூடத்தில் சொட்டச் சொட்ட நின்றார் அதிகாரி. "போன வருஷம் அவ்வளவு நல்லா நடத்தினீங்க. இப்ப என்ன ஆச்சு?"

"ஆள் குறைச்சல் சார்," என்று இழுத்தார் என் வீட்டுக்காரர்.

"ஆமா சார், ரெண்டு பேர் குறைச்சல்," என்றேன். "வாங்க, காட்டறேன்."

குடை பிடித்து அழைத்துப் போய்த் தாழ்ப்பாளைத் திறந்தேன். மேனேஜர் என் மேல் பாய்ந்தான்.

"நீங்க பாராட்டினது என்னை இல்ல சார். காப்பி இவன் வேலை. மரத்தடியா, கூடமான்னு முடிவு பண்றது இவ. உங்க அறிக்கைக்குப் பயந்து ரெண்டு பேரையும் அடைச்சு வச்சேன். பலகையக் கழட்டச் சொன்னா இன்னைக்கே கழட்டிடறேன். இவங்கள இனி அடைக்கமாட்டேன்."

குரல் நடுங்காமல் சொன்னேன். அதில் எனக்கு இப்போதும் பெருமைதான்.

அதிகாரி குனிந்து கொட்டகைக்குள் விரித்திருந்த கம்பளியைப் பார்த்தார். ஜோசியக்காரி அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வீட்டுக்குள் ஓடி, நேராக ஜன்னல் திட்டில் ஏறிப் படுத்தாள். கூரையில் இன்னும் ஆலங்கட்டி தடதடத்துக்கொண்டிருந்தது.

"இந்த மழையில ஜன்னலா? போச்சு, ஜோசியம் பொய்யாப் போச்சு!" என்றார் என் வீட்டுக்காரர்.

"மேசையைத் துடைங்க," என்றேன்.

பத்தே நிமிடம். மழை நின்று வெயில் பளிச்சென்று அடித்தது. மரத்தடியில் அதிகாரி சுடச்சுடப் பொரித்த முட்டையைச் சாப்பிட்டார், மேனேஜர் அவர் காலடியில் படுத்திருந்தான். பிறகு குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டே கிளம்பிப் போனார். பதினைந்து நாள் நான் பலகையைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டேன்.

பிறகு உரிமம் வந்தது, அறிக்கையோடு. இந்த முறையும் ஒரே ஒரு குறை: "ஆய்வு நாளன்று பிராணிகள் அடைத்து வைக்கப்பட்டிருந்தன. இனி இவ்வாறு செய்யக் கூடாது."

அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினேன்.

"குறையைப் போய் யாராவது மாட்டுவாங்களா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"நம்ம ஆளுங்களுக்காக எழுதின குறைங்க. மாட்டாம இருப்பேனா?"