மெத்தைக்கு அடியில் செவ்வரளி

அந்தத் தையற்கூடத்தில் கட்டிங் மாஸ்டரின் மேசை கழிப்பறைக் கதவை ஒட்டிக் கிடந்தது. ஜன்னலோரம் மாற்றச் சொல்லிக் கேட்டுக் கேட்டு அவருக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். முதலாளியம்மா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "மூக்கைப் பொத்திட்டு வெட்டுங்க மாஸ்டர்," என்று பட்டன் தைக்கிறவர்கள் எதிரிலேயே சொல்லிவிட்டுப் போனாள்.

சாயங்காலம் அக்கா வீட்டில் போய்ப் புலம்பினார். அக்காவுக்கு இப்படி ஒரு வழக்கு கிடைத்தால் போதும்.

"பேசினா ஆகாதுடா, அவ உட்கார்ற, படுக்கற இடத்துக்கு அடியில பூ வைக்கணும். நந்தியாவட்டை வச்சா வாய் அடங்கும். சூரியகாந்தி வச்சா நீ போற பக்கமெல்லாம் அவ திரும்புவா. உனக்குச் செவ்வரளிதான் சரி. ஆளையே அடக்கிடும்."

"மாமாவுக்கு எதை வச்சே?"

"எல்லாத்தையும்தான்."

உள்ளே மாமா சத்தமில்லாமல் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். மாஸ்டருக்கு அந்தச் சாட்சி போதும்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் வெளியே போனதும், காகிதத்தில் மடித்த செவ்வரளியோடு முதலாளியம்மா அறைக்குள் நுழைந்தார். நாற்காலி மெத்தையைத் தூக்கியவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. காய்ந்த செவ்வரளி, வாடிய நந்தியாவட்டை, அப்பளமாகிப்போன சூரியகாந்தி என்று ஒரு பூக்கடையே அங்கே நசுங்கிக் கிடந்தது. இத்தனை பேர் முந்திக்கொண்டார்களே என்று எரிச்சல்கூட வந்தது.

"இதுல உங்களுது எது மாஸ்டர்?"

கதவருகே முதலாளியம்மா. மாஸ்டர் கையிலிருந்ததைக் காட்டினார்.

"எடுத்துப் போடறதை நான் எப்பவோ விட்டுட்டேன். உட்கார மெத்துன்னு இருக்கு." அவள் கதவைச் சாத்திக் குரலைத் தாழ்த்தினாள். "இது மாமியாருங்களுக்கு வேலை செய்யுமா?"

மாஸ்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே புத்தியும் வந்தது. "மேசை ஜன்னலோரம் இருந்தா யோசிச்சுச் சொல்லலாம் மேடம்."

பொழுது சாய்வதற்குள் மேசை இடம் மாறியது. "ஆளையே அடக்கிடும் மேடம்," என்று மாஸ்டர் சொல்லிக் கொடுத்த செவ்வரளி முதலாளியம்மாவின் கைப்பைக்குள் போனது.

அதை அவள் மாமியாரின் தலையணைக்கு அடியில் வைத்தாள். காலையில் அதைக் கண்டெடுத்த மாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மருமகள் தனக்கென்று ஒரு பூ தந்ததில்லை. டம்ளரில் தண்ணீர் ஊற்றிப் பூவை அதில் போட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்தார். வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ந்தார். மறுநாள், "இன்னிக்குப் பூ இல்லையாம்மா?" என்று அவர் கேட்டபோது முதலாளியம்மாவால் இல்லை என்று சொல்ல முடியவில்லை.

அதிலிருந்து தினமும் பூ. ஒரு நாள் மறந்தால் மாமியார் முகம் சுருங்குகிறது. அதைப் பார்த்து மகன் முகம் தொங்குகிறது.

"ஆளை அடக்கும்னீங்களே மாஸ்டர்," என்று அவள் ஒரு நாள் பல்லைக் கடித்தாள்.

"அடக்கிடுச்சே மேடம்," என்றார் அவர், துணியில் கோடு இழுத்தபடி. "யாரைன்னு நாம தெளிவாச் சொல்லலை."

அவளுக்குச் சண்டை போட நேரமில்லை. மாமியார் ரோஜா கேட்டிருந்தார். கடை மூடுவதற்குள் வாங்கவேண்டுமென்று கைப்பையை எடுத்துக்கொண்டு ஓடினாள்.