ஒரு ஐ.சி.க்கு ஒரு குழி

தினேஸ்வரி அந்தப் படிவத்துக்குப் பூட்டுப் போட்டதற்குக் காரணம் ரூபன்.

ரூபன் கெட்டவர் இல்லை. எதையும் ஒரு தடவை செய்தால் மனம் ஆறாதவர், அவ்வளவுதான். படிவம் இணையத்தில் திறந்த முதல் நாளே தம் அப்பாவின் குழிக்குப் பதிவு செய்தார். செய்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு தடவை அமுக்கினார். பதிவு பலமாக விழட்டும் என்று மறுபடியும் அமுக்கினார். அவருடைய தம்பிகளும் ஆளுக்கொரு கைப்பேசியில் அதே வேலையைப் பார்த்தார்கள். பொழுது சாய்வதற்குள் ஒரே மனிதருக்குப் புதிய இடுகாட்டில் ஒரு வரிசையே பிடித்துவிட்டார்கள்.

ஏழாங்கட்டைத் தோட்டத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்து, அதுவும் போய், இப்போது தாமான் என்கிற குடியிருப்பு வரப்போகிறது. வீடு கட்டும் கம்பெனி இடுகாட்டைக் காலி செய்ய வேண்டும். தோட்டத்து ஆள் யாராவது பெயர் சொல்லிப் பதிவு செய்தால், அந்தக் குழியின் எலும்பு புதிய நிலத்தில் தனி இடத்துக்குப் போகும். யாரும் கேட்காதவை எல்லாம் ஒரே பள்ளத்தில் சேரும். புதிய நிலமோ சிறியது. ரூபனைப் போல நாலு பேர் கிளம்பினால் மற்றவர்கள் செத்தவர்களைத் தூக்கிக்கொண்டு எங்கே போவார்கள்?

பழைய தோட்டக்காரர்களின் சங்கத்துக்குத் தலைவர் கார்த்திகேசு. குனோங் ராபாட்டில் வீட்டிலிருந்தே இணையத்தளம் செய்து பிழைக்கும் தினேஸ்வரியிடம் அவர்தான் முறையிட்டார். அவள் பழைய பதிவுகளை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினாள். ஒரு ஐ.சி.க்கு, அதாவது ஓர் அடையாள அட்டைக்கு, ஒரு பதிவு. பதிந்தபின் திருத்தம் கிடையாது. திருத்தவிட்டால் அண்ணன் போட்டதைத் தம்பி மாற்றுவான். தோட்டத்தின் பழைய ஆள்கணக்கான செக்ரோலில் பெயருள்ள குடும்பத்தாரின் ஐ.சி.யை மட்டுமே அது ஏற்கும். எல்லாம் எழுதி முடித்து, சாவியைக் கம்பெனியிடம் கொடுத்துவிட்டாள். இந்த விதிகளை யாருக்காகவும் தளர்த்தக் கூடாது என்று கார்த்திகேசு கம்பெனிக்குக் கடிதமும் போட்டார். கடிதத்தை எழுதிக் கொடுத்தவளும் அவள்தான்.

சந்தேகம் கேட்பவர்களுக்காக அவளுடைய கைப்பேசி எண் பக்கத்தின் அடியில் இருந்தது. அப்படித்தான் ஒருநாள் கஸ்பார் கூப்பிட்டார். தோட்டத்தில் மேல் லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்து, இப்போது ஏர்கான் பழுது பார்ப்பவர். அவளுக்கு இரண்டு சந்து தள்ளி வீடு.

"தங்கச்சி, மேல் லயத்து கஸ்பார் பேசுறேன். எங்க வீட்டு ஆளுங்க எல்லாம் ஈப்போவுல சர்ச் கல்லறையிலதான் இருக்காங்க. ஆனா கீழ் லயத்து ஐயாவு கெழவர் தோட்டத்துலதான்லா கெடக்குறாரு. அவருக்குன்னு யாரும் இல்ல. நான் போடலாமா?"

"நீங்க அவருக்கு என்ன வேணும்ண்ணே?"

"ஒன்னும் வேணாம். குழி வெட்டுனேன்."

"சொந்தம் இல்லாட்டி முடியாதுண்ணே. அப்புறம் யாரு வேணும்னாலும் வந்து போட்டுருவாங்க."

"சரிலா," என்று சொல்லிக் கஸ்பார் வைத்துவிட்டார்.

சொந்தக்காரர்தான் போட வேண்டும் என்று படிவத்தில் எங்கும் இல்லை. அந்த விதி அந்த நிமிடத்தில் அவள் வாயில் பிறந்தது. நாலு பேர் வந்து கேட்கும் இடத்தில் உட்கார்ந்தால் நாக்குக்குத் தானாகவே ஒரு மிடுக்கு வந்துவிடுகிறது.

தன் அப்பா சீனியின் குழியை அவள் கடைசி நாளுக்கு வைத்திருந்தாள். பந்தியில் பரிமாறுகிறவர்கள் கடைசியில்தானே சாப்பிடுவார்கள். மத்தியானம் கோப்பி கலக்கி எடுத்துக்கொண்டு நிதானமாக உட்கார்ந்தாள். ஐ.சி. எண், பெயர், இறந்தவர் பெயர், உறவு. அனுப்பினாள். சிவப்பு எழுத்தில் வந்தது: 'இந்த ஐ.சி.யில் ஏற்கெனவே ஒரு பதிவு உள்ளது. ஒருவருக்கு ஒரு பதிவு மட்டுமே.'

எண்ணைத் தப்பாக அடித்திருப்போம் என்று மறுபடி அடித்தாள். மறுபடியும் சிவப்பு. அப்போதுதான் நினைவு வந்தது. பூட்டு வேலை செய்கிறதா என்று பார்க்க அவள் ஒரு பதிவு போட்டுப் பார்த்திருந்தாள். செக்ரோலில் இல்லாத எண்ணைப் படிவம் ஏற்காதே என்று தன் ஐ.சி.யையே கொடுத்திருந்தாள். இறந்தவர் பெயர் டெஸ்ட். உறவு டெஸ்ட். திறப்பதற்கு முன் கம்பெனிக்காரர்கள் துடைத்துவிடுவார்கள் என்று நினைத்தாள். அவர்கள், அவள் துடைத்திருப்பாள் என்று நினைத்திருக்கிறார்கள்.

கம்பெனிக்கு அழைத்தாள். அங்கே எடுத்த பெண் மலாய் மொழியில் மிகவும் மரியாதையாகப் பேசினாள். ஆமாம், பதிவு இருக்கிறது; டெஸ்டுக்கு ஓரத்தில் நல்ல இடமாக ஒதுக்கியும் ஆயிற்று. பெயரை மாற்ற முடியாது. ஒருவருக்கு மாற்றினால் எல்லாரும் வருவார்கள். உங்கள் சங்கத்தின் கடிதமே என் முன்னால் இருக்கிறது, படித்துக் காட்டட்டுமா என்று கேட்டாள்.

தினேஸ்வரி போனை வைத்தாள். கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. அம்மாவின் சாம்பலை லூமுட் கடலில் கரைத்தாயிற்று. இந்தப் பூமியில் அவளுக்கென்று இருக்கும் இடம் அந்த ஒரு குழிதான். சாயங்காலம் ஐந்து மணிக்குப் படிவம் மூடிவிடும். அதற்குப் பிறகு அப்பா பள்ளத்தில் பத்தோடு பதினொன்று.

யாருடைய ஐ.சி. மிச்சம் இருக்கிறது என்று யோசித்தாள். முதலில் வந்த பெயர் கஸ்பார். அவர் பதியாமல் இருப்பதற்குக் காரணமே அவள்தான். போனில் கேட்க வாய் வரவில்லை. நடந்தே போனாள்.

கஸ்பார் வாசலில் ஒரு ஏர்கானைப் பிரித்துப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டுவிட்டு அவர் சிரித்தார்.

"டெஸ்டுக்கு எடம் கெடச்சிருச்சா? அதிர்ஷ்டக்காரன்லா."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அதைப் பார்த்ததும் அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"அழாத தங்கச்சி. சீனி அண்ணனுக்கு நாங்கதான் வெட்டுனோம். அன்னிக்கு என்னா மழ. தண்ணிய எறைச்சு எறைச்சு வெட்டுனோம்."

ஏழாங்கட்டையில் சாவு வீட்டுக்காரர்கள் மண்வெட்டியைத் தொடக் கூடாது. கீழ் லயத்தில் ஒருவர் போனால் மேல் லயத்து வேதக்காரப் பையன்கள் வந்து வெட்டுவார்கள். மேல் லயத்தில் போனால் கீழ் லயத்தார் போவார்கள். அப்பா இறந்தபோது தினேஸ்வரி சின்னப் பிள்ளை. பெண்களோடு வீட்டிலேயே இருத்திவிட்டார்கள். அப்பாவுக்கு யார் குழி வெட்டினார்கள் என்று இத்தனை வருடத்தில் அவள் யாரிடமும் கேட்டதில்லை.

கஸ்பார் கைப்பேசியை எடுத்துத் தம் எண்ணை அடித்தார். இறந்தவர் பெயர் என்ற இடத்தில் சீனி. அடுத்தது உறவு.

"சித்தப்பான்னு போடுங்கண்ணே," என்றாள் தினேஸ்வரி.

"பொய் எதுக்குலா?"

'குழி வெட்டியவன்' என்று அவர் அடித்தார். ஒரே தடவை அமுக்கினார். பச்சை எழுத்தில் வந்தது: 'உங்கள் பதிவு ஏற்கப்பட்டது.'

தினேஸ்வரிக்கு உயிர் திரும்பி வந்தது. கூடவே வெட்கமும் வந்தது. அந்தப் பச்சை எழுத்து எந்த உறவையும் கேட்டுப் பார்க்கவில்லை.

கஸ்பார் விடவில்லை. மறுபடியும் தம் எண்ணை அடித்து, ஐயாவு என்று எழுதி அனுப்பிப் பார்த்தார். சிவப்பு வந்தது. அதை நிறுத்தி நிதானமாக வாசித்தார்.

"ஒருவருக்கு ஒரு பதிவு மட்டுமே. சரிதான். நல்லாத்தான் எழுதியிருக்க," என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது.

உள்ளேயிருந்து அவர் மனைவி பெட்ரீசியா கையைத் துடைத்தபடி வந்தாள். அவளும் மேல் லயத்தில் பிறந்தவள்தான்.

"என் ஐ.சி. சும்மாதானே கெடக்கு. கெழவர நான் போடுறேன். ஆனா நான் வெட்டலியே, என்னான்னு போடுறது?"

"வெட்டுனவன் பொண்டாட்டின்னு போடு."

அப்படியே போட்டாள். அதுவும் பச்சையாகத்தான் வந்தது.

ஐந்து மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. தினேஸ்வரி வீட்டுக்குப் போகவில்லை. பிரித்துப் போட்ட ஏர்கானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சொந்தம் யாரும் அங்கே இல்லை என்பதால் பதியாமல் இருந்தவர்களை யோசித்து யோசித்துக் கூப்பிட்டாள். முதலில் பாகான் டத்தோவுக்குக் குடிபோய்விட்ட கீழ் லயத்து சின்னையா கிடைத்தார்.

"மாமா, சீனி மக தினேஸ்வரி பேசுறேன். உங்க ஐ.சி. சும்மாதானே இருக்கு? மேல் லயத்துல நீங்க யாருக்குக் குழி வெட்டுனீங்க, சொல்லுங்க."

சின்னையா ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. அந்தோணி என்றார். லூர்து என்றார். லூர்துவின் கைக்குழந்தை என்றார். தோட்டத்து டிரைவர், அவர் பெயர் மறந்துபோச்சு என்று சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போனார்.

"மாமா," என்று தினேஸ்வரி இடைமறித்தாள். "ஒன்னே ஒன்னுதான் மாமா போட முடியும்."

பெயர்கள் நின்றன. பாகான் டத்தோவில் அந்த மனிதர் யாரை விடுவது என்று யோசிக்கத் தொடங்கினார்.